பழைய வண்டிதான் கெட்டியா?

ஒரு வாசகரின் கேள்வி, 9 நவம்பர் 2024

தாத்தா வாங்கிய அம்பாசிடர் இன்னும் ஊரில் ஷெட்டில் நிற்கிறது. போன பொங்கலுக்குப் பேட்டரி மாற்றிப் போட்டதும் ஒரே செல்ஃபில் எடுத்துவிட்டது. நான் 2019இல் வாங்கிய வண்டியில் ஒரு பைக்காரன் லேசாக உரசினான், முன் பம்பர் கழன்று தொங்கியது, 21,000 ரூபாய் பில். அந்தக் காலத்தில் இரும்பில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். இதை இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறீர்களா?

9 நவம்பர் 2024, இரவு

நான் இருக்கிறேன். பாதி இல்லை என்று சொல்ல.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. 1979இல் அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக வாங்கிய செகண்ட் ஹேண்ட். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அந்த வண்டிக்காரர்களும் இந்த வண்டிக்காரர்களும் மோதிக்கொள்வீர்கள். அப்போது எங்கள் கம்பம் ஊரில் ஓடியதே இரண்டு மூன்று ரகம்தான், எதை நினைத்துக்கொண்டாலும் சரி. வீட்டில் அதற்குப் பெயர் ஆனை. கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற மாதிரி சத்தம் வரும். கல்யாணம், கருமாதி, பிரசவம் எல்லாவற்றுக்கும் அதுதான் போனது, ஒரு தடவை பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு சுருளிக்குப் போய் வந்திருக்கிறோம். நடுவழியில் அது எங்களைக் கைவிட்டதே இல்லை.

ஆகவே தகடு கனம், ஒத்துக்கொள்கிறேன். ஓடும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெட்டி என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நாளைக்கு எழுதுகிறேன்.

10 நவம்பர் 2024

1987. பெரியப்பா தேனியிலிருந்து ராத்திரி வந்துகொண்டிருந்தார். சின்னமனூர் தாண்டி, எதிரே வந்த லாரி விளக்கை இறக்கவில்லை, இவர் கண் கூசி இடது பக்கம் ஒடித்தார், புளியமரம். வேகம் ஐம்பதுக்கு மேல் இருக்காது, ஆனைக்கு அதற்கு மேல் போகப் பிடிக்காது. பம்பர் மடங்கியது, ஒரு ஹெட்லைட் போனது, ரேடியேட்டர் பின்னால் தள்ளி ஃபேனில் உரசியது. எட்டாம் நாள் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் முடிந்து வண்டி வீட்டு வாசலில் நின்றது. பெரியப்பா வர இரண்டு மாதம் ஆனது. ஸ்டீயரிங் நெஞ்சில் குத்தி நான்கு விலா எலும்பு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "வண்டிக்கு ஒண்ணும் ஆகலை பாத்தீங்களா, அதான் பழைய இரும்பு."

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நானும் அதைப் பெருமையாகத்தான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

ஐம்பதில் போகிற உடம்பு எப்படியும் நின்றாக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் விஷயம். வண்டியின் மூக்கு அரை மீட்டர் நசுங்கினால், பெல்ட்டும் போட்டிருந்தால், அந்த அரை மீட்டர் உங்கள் நெஞ்சுக்குக் கிடைக்கிறது. மூக்கு நசுங்க மறுத்தால் விலா நசுங்கும். பெரியப்பா வண்டியில் பெல்ட்டும் கிடையாது, ஸ்டீயரிங் தண்டு முன்னாலிருந்து நேராக நெஞ்சை நோக்கி நீட்டிய கடப்பாரை. இப்போதைய வண்டிகளில் அந்தத் தண்டு அடி வாங்கினால் உள்ளுக்குள் மடங்கிக்கொள்ளும்.

அம்பாசிடர் எல்லாம் லாரி மாதிரி கீழே முழு நீள சேசிஸ், அதன்மேல் உடம்பு வைத்த வண்டி, அதனால்தான் அசையாது. ஆனால் அசையாததுதான் பிரச்சினை.

10 நவம்பர் 2024, பின்னிரவு

கேள்வி கேட்டவருக்கு ஒரு குறுக்குக் கேள்வி. தாத்தா வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்? ஊர் எது?

12 நவம்பர் 2024

தவறாக எழுதிவிட்டேன். தூத்துக்குடிக்காரர் ஒருவர் பிடித்துவிட்டார், அவருக்கு ஒரு டீ. அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. அது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் இந்தியப் பதிப்பு, அந்த மோரிஸே உடம்பும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைத்த மோனோகாக்தான். இன்றைய சின்னக் கார்களும் அடிப்படையில் அதே முறை. தனி சேசிஸ்மேல் உட்கார்ந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நம்ம சென்னையில் செய்தது, பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறப்பார்களே, அது. இத்தனை வருஷம் நான் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அசையாது என்று நான் சொன்னதற்குக் காரணம் சேசிஸ் இல்லை, மூக்கு எங்கே, எப்படி, எந்த வரிசையில் மடங்க வேண்டும் என்று யாரும் கணக்குப் போடாததுதான்.

அதைக் கணக்குப் போட்டவர் பேலா பாரெனி என்ற மெர்சிடிஸ் பொறியாளர். நடுக்கூடு கெட்டியாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கட்டும் என்ற யோசனையைத் தலைகீழ்ப் புத்தி என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றியிருக்கும். அந்த முறையில் செய்த மெர்சிடிஸ் 1959இல் விற்பனைக்கு வந்தது. அதே 1959இல்தான் வால்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டும் வண்டியில் ஏறியது. நம் ஊரில் முன்சீட்டுக்கு பெல்ட் வைத்தே ஆக வேண்டும் என்ற விதி 1994இல். முப்பத்தைந்து வருஷ இடைவெளி. அதற்குள் எத்தனை பெரியப்பாக்கள்.

13 நவம்பர் 2024

1959 என்றதும் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்துகிற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2009இல் தன் ஐம்பதாவது ஆண்டுக்கு ஒரு வேலை செய்தது. 1959ஆம் வருஷ செவ்ரோலெட் பெல் ஏரையும் 2009ஆம் வருஷ செவ்ரோலெட் மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டரில் மூக்கோடு மூக்கு, பாதி விலக்கி மோதவிட்டது. வீடியோ இணையத்தில் இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள். பெல் ஏர் வீடு மாதிரி நீளமான வண்டி, கப்பல் வால், குரோமியம். மோதின அடுத்த நொடி அதன் டிரைவர் உட்காரும் இடமே மடிந்து போகிறது, கதவு திறந்துகொள்கிறது, ஸ்டீயரிங் பொம்மையின் முகத்துக்கு வருகிறது. மாலிபுவில் மூக்கு காணாமல் போய்விடுகிறது, ஆனால் உள்ளே இருக்கிற பொம்மைக்குக் காலில் கொஞ்சம் அடி.

ஆக, பழைய வண்டி நசுங்காது என்பதே பொய். நசுங்கக் கூடாத இடத்தில் நசுங்கும்.

13 நவம்பர் 2024, சற்றுக் கழித்து

"அதில் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோதவிட்டார்கள்" என்று மூன்று பேர் எழுதியாகிவிட்டது. கழற்றவில்லை. இன்ஜின் இருந்தது, ஆறு சிலிண்டர். பறந்த பழுப்புத் தூசியைப் பார்த்துத் துரு என்கிறீர்கள், ஐம்பது வருஷம் பழசான வண்டிக்குள் தூசி இருக்கத்தான் செய்யும்.

14 நவம்பர் 2024

கேள்வி கேட்டவர் பதில் சொல்லிவிட்டார். ஊர் கரூர் பக்கம். வருஷத்துக்கு மூவாயிரம் தாண்டாது. தினமும் காலையில் துடைக்க ஓர் ஆள், மேலே கூரை, கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

ஐயா, அப்படி வைத்தால் தயிர்ப்பானைகூட எண்பது வருஷம் இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் தூத்துக்குடிக்காரர் எழுதினதைப் படியுங்கள். அவர் மாமா வண்டியில் தரைத் தகடு துருப்பிடித்துப் போய், பின்சீட்டில் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினால் ரோடு ஓடுவது தெரியுமாம். பிள்ளைகளுக்கு அது பெரிய பொழுதுபோக்கு. அப்போது பெயிண்ட் என்பது மேலே அடிப்பதுதான். இப்போது முழு உடம்பையும் பிரைமர் தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்தி மூலை முடுக்கெல்லாம் ஒட்ட வைக்கிறார்கள். சென்னைக் கடற்கரைச் சாலையில் பத்து வருஷம் வெயிலில் நிற்கிற வண்டிகளைக் குனிந்து பாருங்கள், அடிப்பக்கம் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. உங்கள் தாத்தா வண்டியோடு ஒரே மாதத்தில் பதிவான மற்ற வண்டிகள் எங்கே? நான் சொல்கிறேன், புதுப்பேட்டையில். கதவு ஒரு கடையில், கியர்பாக்ஸ் அடுத்த கடையில், மிச்சம் எடைக்குப் போய் உருக்கிக் கம்பியாகி யாரோ வீட்டு லிண்டலுக்குள் இருக்கும். தப்பித்த ஒன்று கண்ணில் படுகிறது, செத்த தொண்ணூற்றொன்பது கண்ணில் படுவதில்லை.

17 நவம்பர் 2024

பானெட்டை விரலால் தட்டிப் பார்த்து "தகரம்" என்று சொல்கிறவர்களுக்கு: பானெட் உங்களைக் காப்பாற்ற வைத்தது இல்லை. குறுக்கே வருகிறவன் தலை அதில் மோதினால் அது அமுங்க வேண்டும், அமுங்குகிற மாதிரிதான் செய்கிறார்கள். கெட்டி இருக்கிற இடம் கதவை மாட்டுகிற தூண், கூரையின் ஓரம், கீழ் விளிம்பு. அதையெல்லாம் தட்டிப் பார்க்க முடியாது, மேலே அலங்காரத் தகடு மூடியிருக்கும். அந்தத் தூண் எஃகு பழைய வண்டித் தகட்டைவிடப் பல மடங்கு வலிது.

25 நவம்பர் 2024

ரொம்ப ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்கிறார்கள். சரி, மறுபக்கம்.

புதுசு என்பதாலேயே நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனை அமைப்பு நம் ஊரில் விற்ற ஐந்து பிரபலமான சின்னக் கார்களை, ஏர்பேக் இல்லாத அடிப்படை ரகத்தை வாங்கி, அதே 64 கிலோமீட்டரில் மோதவிட்டது. ஐந்துக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம். எல்லாம் அன்றைய புத்தம்புது வண்டிகள், மூக்கும் மடங்கியது, சிலவற்றில் நடுக்கூடும் குலைந்தது. ஐந்து நட்சத்திரம் வாங்கின முதல் இந்திய வண்டி டாடா நெக்ஸான், 2018 டிசம்பர். டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்றது 2019 ஜூலை. நம் அரசே நடத்துகிற பாரத் என்கேப் 2023 அக்டோபரில்தான் தொடங்கியது. ஆகவே நம் ஊரில் "நவீன வண்டி" என்றால் வருஷத்தைக் கேட்க வேண்டும். 2012 வண்டியும் 2022 வண்டியும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மோதினால்தான் வித்தியாசம் தெரியும். யாரும் மோதிப் பார்க்க வேண்டாம்.

பழசிலும் எல்லாம் தங்கம் இல்லை. ஸ்டாண்டர்டு 2000 யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 1985இல் வந்தது, பிரிட்டனின் ரோவர் உடம்பு, உள்ளே காலம் கடந்த இன்ஜின். விலை அதிகம், பெட்ரோல் தண்ணீராய்க் குடித்தது, மூன்றே வருஷத்தில் கதை முடிந்தது. பெருங்களத்தூர்த் தொழிற்சாலையையே அது கொண்டுபோய்விட்டது. அதையும் "அந்தக் காலத்து வண்டி" கணக்கில்தான் சேர்க்க வேண்டும். யாரும் சேர்ப்பதில்லை.

26 நவம்பர் 2024

ஒரு சிரிப்பு. "மாருதி 800 மாதிரி கெட்டியான வண்டி இனி வராது" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, 1983 டிசம்பரில் அந்த வண்டி வந்தபோது எங்கள் அப்பா அதற்கு வைத்த பெயர் தீப்பெட்டி. ஊரே அதைத் தகரடப்பா என்றது. லாரி காற்று பட்டால் பறந்துவிடும், ரேடியேட்டரைத் தொட்டால் உடைந்துவிடும், 796 சிசியில் மலை எப்படி ஏறும் என்று கேட்காத ஆள் இல்லை. அது மலையெல்லாம் ஏறியது, கொதிக்காமல் ஏறியது, அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. லோயர் கேம்பில் பெரியாறு மின்நிலையத்துக்கு இறங்குகிற ராட்சதக் குழாய்கள் தெரியுமே, அந்தப் பக்கமாக நாங்கள் ஆனையை ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு குடத்தில் தண்ணீர் தேடும்போது, தீப்பெட்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே குமுளிக்கு ஏறிப் போகும்.

அம்பாசிடரும் மாருதி 800ம் ஒரே வருஷத்தில், 2014இல்தான் நின்றன. இப்போது இரண்டும் "அந்தக் காலம்" ஆகிவிட்டன.

18 ஜனவரி 2025

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பரணில் அப்பாவின் கணக்கு நோட்டு கிடைத்தது, ஆனைக்கென்றே தனி நோட்டு, 1979இலிருந்து 1996 வரை. அப்பா எல்.ஐ.சி. பிரீமியத்திலிருந்து வெற்றிலை வரை எழுதி வைக்கிற ஆள். உட்கார்ந்து 1986ஆம் வருஷத்தை மட்டும் முழுசாகப் படித்தேன். படித்துவிட்டு இந்த இழையின் மேலே போய் என் முதல் குறிப்பைப் படித்தேன். "நடுவழியில் அது எங்களைக் கைவிட்டதே இல்லை."

அந்த ஒரு வருஷத்தில் ஓடியது 9,200 கிலோமீட்டர். பட்டறைக்குப் போனது 14 தடவை. நடுவழியில் நின்றது 5 தடவை (அப்பா கையெழுத்தில் "வழியில்" என்று தனியாகக் குறித்திருக்கிறார்). பஞ்சர் 11. பிளக் மூன்று செட். டெல்கோ பாயிண்ட் (பிளக்கில் தீப்பொறி வரவைக்கிற தொடுமுனை) இரண்டு தடவை, கண்டென்சர் ஒன்று, கிளட்ச் பிளேட், கிங்பின் புஷ், ஹெட் கேஸ்கட், பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் இரண்டு இலை ஒடிந்தது, டைனமோ கார்பன். வாரம் தவறாமல் "கிரீஸ்". "இன்ஜின் ஆயில் டாப்" என்று மாதம் மூன்று இடத்தில். இது மோசமான வருஷம் இல்லை, சும்மா கைக்கு வந்த வருஷம். அடுத்த வருஷம் இன்ஜின் ரிங் மாற்றி, சிலிண்டரைக் கடைந்து, அதற்கு அப்பா ஒரு பசுமாட்டை விற்றிருக்கிறார், அதுவும் நோட்டில் இருக்கிறது.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

இப்போதைய என் வண்டி 2016இல் வாங்கியது. அதன் ஃபைலையும் எடுத்து எண்ணினேன். 1,04,000 கிலோமீட்டர். வருஷ சர்வீஸ் தவிர பிரேக் பேட் இரண்டு தடவை, பேட்டரி இரண்டு, சஸ்பென்ஷன் புஷ் ஒரு தடவை. வழியில் நின்றது ஒரே ஒரு தடவை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அது வேறு வயிற்றெரிச்சல்.

19 ஜனவரி 2025

நேற்று எழுதியதில் ஆனைக்கு அநியாயம் செய்துவிட்டேன் போலிருக்கிறது. 11 பஞ்சருக்கு வண்டி என்ன செய்யும்? அன்றைய ரோடு அப்படி, மாட்டு லாடத்து ஆணி பாதி, டியூப் டயர் மீதி. பட்டை ஒடிந்ததற்குப் பதினோரு பேரை ஏற்றின நாங்கள்தான் காரணம். ஆயிலும் இன்றைக்குக் கிடைக்கிற ஆயில் இல்லை. ஒருவேளை இன்றைய ரோட்டில், இன்றைய டயரும் ஆயிலும் போட்டு ஆனையை ஓட்டியிருந்தால் 14 என்பது 7 ஆகியிருக்கலாம். ஆனாலும் ஏழு.

இன்னொரு விஷயம், மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு பூஜ்ஜியம். லட்சம் கிலோமீட்டர் என்பதே அதைச் செய்தவர்கள் எதிர்பார்க்காத எண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனைக்கு மீட்டர் சுற்றிய அன்று பெரியப்பா எல்லோருக்கும் பால்பன் வாங்கித் தந்தார். என் வண்டி லட்சம் தாண்டியதை நான் கவனிக்கவே இல்லை.

22 ஜனவரி 2025

ஒருவர் கேட்கிறார், அப்படி ஐந்து தடவை வழியில் நின்ற வண்டியை எப்படி "கைவிட்டதே இல்லை" என்று நாற்பது வருஷம் நம்பினீர்கள் என்று.

நானும் அதைத்தான் யோசித்தேன். நின்றதெல்லாம் நிற்கிற கணக்கில் சேரவில்லை. நின்றால் பானெட்டைத் தூக்குவோம். உச்சி வெயிலில் பெட்ரோல் இன்ஜின் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகி நின்றுவிட்டால் ஈரத் துணியைப் பிழிந்து பம்ப்மேல் சுற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் எடுக்கும். டேங்க் கசிந்தால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்போம். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவோம், அம்மா அதற்கென்றே டிக்கியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். பாயிண்ட் கரிந்தால் தீப்பெட்டிப் பக்கவாட்டில் உரசிச் சுத்தம் செய்து, இடைவெளிக்கு சிகரெட் அட்டையைச் செருகிப் பார்ப்பார் எங்கள் மெக்கானிக் பாய். அதற்கும் மசியவில்லை என்றால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். தள்ளினால் எடுத்துவிடும். ஆகவே நின்றது என்பது எங்களுக்குப் பயணத்தில் ஒரு பகுதி, சாப்பிட நிற்பது மாதிரி.

இப்போது என் வண்டி நின்ற ஒரு தடவை. திண்டுக்கல் நான்கு வழிச்சாலை, ஆக்சிலேட்டரை மிதித்தால் இருபதுக்கு மேல் போகாது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. பானெட்டைத் தூக்கினேன், பழக்க தோஷம். மேலே ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி. மூடியைப் பார்த்துவிட்டு மூடினேன். இழுத்துக்கொண்டு போன இடத்தில் (பெயர் வேண்டாம்) ஸ்கேனரை மாட்டி, இன்ஜினுக்குக் காற்று விடுகிற த்ராட்டில் முழு செட்டும் மாற்ற வேண்டும், 34,000, பாகம் வர ஒன்பது நாள் என்றார்கள். வேறு வழியில்லாமல் கம்பத்துக்கே கட்டி இழுத்துப் போய் பாய் மகனிடம் விட்டேன். அவரும் ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறார். "தம்பி... இல்ல, அண்ணே, கரிதான் அடைச்சிருக்கு" என்று ஸ்பிரே அடித்துத் துடைத்தார். 600 ரூபாய். (அவர் அப்பா என்னைத் தம்பி என்பார், அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது.) இன்றுவரை ஓடுகிறது.

பழைய வண்டிமேல் நான் வைத்திருந்த மரியாதை வண்டிமேல் இல்லை, பாய்மேல் என்று எனக்கு இப்போது சந்தேகம். கேட்டவரின் 21,000 ரூபாய் பம்பர் எரிச்சலும் அதே ரகம்தான், பம்பர் கழன்றதில் தப்பில்லை, முன்போல யாரோ ஒருவர் சுத்தியலால் தட்டி நிமிர்த்தித் தர முடியாமல் போனதுதான் வலிக்கிறது. கம்பெனிகள் இதில் வேண்டுமென்றே செய்கிற அழிச்சாட்டியமும் உண்டு. ஹெட்லைட் கண்ணாடி கீறினால் முழு விளக்கு, சாவி தொலைந்தால் இருபதாயிரம். இதைப் பாதுகாப்போடு போட்டுக் குழப்பக் கூடாது. ஏர்பேக் வேண்டுமென்றால் பல்பைக்கூட நாமே மாற்றக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது?

23 ஜனவரி 2025

இல்லை, "மரியாதை வண்டிமேல் இல்லை" என்பது அதிகப்படி. வண்டிமேலும் இருந்தது. சீட் சோபா மாதிரி இருக்கும், அப்பா மடியில் தலை வைத்து, அம்மா மடியில் கால் வைத்துத் தூங்கலாம். பெல்ட் இல்லாத காலத்து சுகம்.

2 பிப்ரவரி 2025

"பெரியப்பா கதை ஒன்று, எதிர்க்கதை எங்கே" என்று கேட்டார் ஒருவர். இருக்கிறது. 2021இல் என் சித்தப்பா மகன் வண்டி, திருச்சி பைபாஸில் சென்டர் மீடியனில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தொண்ணூறில் போயிருக்கிறான், தூங்கியிருக்கிறான், ஒத்துக்கொள்கிறான். முன்பக்கம் காகிதம் கசக்கிய மாதிரி. இன்ஷூரன்ஸ்காரர் பார்த்ததும் முழு நஷ்டம் என்று எழுதிவிட்டார். இவன், மனைவி, பின்னால் மாமியார், மூவரும் கதவைத் திறந்து இறங்கி வந்தார்கள். மாமியாருக்கு மட்டும் பெல்ட் பட்டை அழுத்திய தழும்பு, பத்து நாள் இருந்தது. பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "வண்டியப் பாரு, அப்பளம் மாதிரி நொறுங்கிருச்சு. என்னத்தக் கட்டுறானுக."

மூன்று பேரும் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

16 ஆகஸ்ட் 2025

ஆறு மாதம் கழித்து இந்த இழையை யாரோ தூசி தட்டியிருக்கிறார்கள், 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காக. பழைய வண்டி தாங்குமா என்று கேள்வி. 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளை அதற்குத் தகுந்த ரப்பர், பிளாஸ்டிக் போட்டுச் செய்கிறார்கள். அதற்கு முந்தினதில் பெட்ரோல் ஓஸ், வாஷர், கேஸ்கட்டுகளைக் கவனித்துக்கொள்ளுங்கள், நாள் கணக்கில் ஓட்டாமல் வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும். மைலேஜ் கொஞ்சம் குறையும், எத்தனாலில் உள்ள சக்தியே பெட்ரோலைவிடக் குறைவு.

2000இல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தபோதும் இதே புலம்பல். வால்வு சீட் தேய்ந்துவிடும், பழைய இன்ஜின்கள் எல்லாம் சாகும் என்றார்கள். சில தேய்ந்தன, சீட்டை மாற்றிக்கொண்டு ஓடின. கரூர் அம்பாசிடர் அதையும் தாண்டித்தான் நிற்கிறது என்பதைக் கேள்வி கேட்டவருக்குப் பெருந்தன்மையோடு சொல்லிக்கொள்கிறேன்.

17 ஆகஸ்ட் 2025

ஆனை என்ன ஆனது என்று கேட்டவருக்கு: 1996இல் எடைக்குப் போட்டோம். இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பொய், 11,500 ரூபாய் கிடைத்தது. தூக்கிப் போக வந்த லாரியில் ஏற்றும்போதுகூட தள்ளித்தான் ஏற்றினோம்.

5 அக்டோபர் 2025

கடைசியாக ஒன்று, இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அப்பா இப்போது கோயம்புத்தூரில் என்னோடுதான் இருக்கிறார், 84 வயது. நேற்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வண்டி செத்துக் கிடந்தது. ராத்திரி உள் விளக்கை அணைக்காமல் விட்டிருக்கிறேன், பேட்டரி முழுசாக இறங்கிவிட்டது. கதவே சாவி போட்டுத்தான் திறந்தது. பாய் மகனுக்கு ஃபோன் போட்டேன், கம்பத்திலிருந்து அவர் என்ன செய்வார், ஜம்பர் வயர் உள்ள ஆள் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா பாருங்கள் என்றார். வாட்ஸாப்பில் கேட்டுக்கொண்டே திரும்பினால் அப்பாவைக் காணோம்.

வண்டிக்குப் பின்னால் நிற்கிறார். துண்டைத் தலையில் கட்டியாகிவிட்டது, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாகிவிட்டது, இரண்டு கையும் டிக்கிமேல்.

"ரெண்டாவது கியர்ல போட்டு உக்காருடா, சொல்றப்போ கிளட்ச விடு."

என்னுடையது ஆட்டோ கியர். கிளட்ச் மிதியே கிடையாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.